‘ஹை ரிஸ்க் 1:210’ என்று ரிப்போர்ட் வந்தால்

கேள்வி: எனக்கு 31 வயது. முதல் குழந்தை, இப்போது 14-வது வாரம். போன வாரம் என்.டி. ஸ்கேனும் (கருவின் கழுத்துக்குப் பின்னால் தேங்கும் நீரின் தடிமனை அளப்பது) டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் எடுத்தோம். ஸ்கேன் நார்மல், என்.டி. 1.6 மில்லிமீட்டர், மூக்கு எலும்பும் தெரிகிறது என்றார்கள். ஆனால் இரண்டையும் சேர்த்து வந்த ரிப்போர்ட்டில் ‘டவுன் சிண்ட்ரோம் – ஹை ரிஸ்க் 1:210’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறது. லேபில் இருந்த பெண், “உங்க வயசுக்கு இருக்க வேண்டியதைவிட நாலு மடங்கு” என்றார். அன்றிலிருந்து தூக்கமில்லை. நாத்தனார் கலைத்துவிடச் சொல்கிறார். கணவர், “இருந்தா இருக்கும், இல்லாட்டி இல்ல, ஃபிஃப்டி ஃபிஃப்டி” என்கிறார். மாமியாரோ, “நம்பரைப் பார்த்தா நாங்க பிள்ளை பெத்தோம்” என்கிறார். டாக்டர் 99 சதவீதம் சரியாகச் சொல்லும் இன்னொரு டெஸ்ட் இருக்கிறது என்றார். அதற்கும் பிரசவச் செலவுக்கும் சேர்த்து ஒரு லட்சம் கடன் வாங்கப் போகிறார் கணவர். வட்டி 12 சதவீதம் ஃப்ளாட்டாம். நான் பத்தாவதில் கணக்கில் தட்டுத் தடுமாறிப் பாஸ் ஆனவள். இந்த எண்ணை நான் எப்படிப் புரிந்துகொள்வது?
– ராசிபுரத்திலிருந்து ஒரு வாசகி

மரபியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு சின்ன வேலை. வீட்டில் புளியங்கொட்டை இருக்கும். 210 கொட்டைகளை எண்ணி ஒரு முறத்தில் போடுங்கள். அதில் ஒன்றை மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி, மற்றவற்றோடு கலந்துவிடுங்கள். உங்களுக்கு வந்த அதே ரிப்போர்ட் வந்த 210 பெண்கள் அந்த முறத்தில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவருடைய குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம், அதாவது ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வளர்ச்சியும் அறிவுத்திறனும் பாதிக்கப்படும் பிறவி நிலை, இருக்கும். 209 பேருடைய குழந்தைக்கு இருக்காது. ரிப்போர்ட் சொன்னது இவ்வளவுதான். சிவப்பு எழுத்து லேபின் பிரிண்டர் போட்டது.

இதைப் படிப்பதற்குப் பத்தாம் வகுப்புக் கணக்குகூடத் தேவையில்லை. எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்ற ஒரு கேள்வி போதும். என்னிடம் வருபவர்களில் பொறியாளர்கள் உண்டு, ஆடிட்டர்கள் உண்டு. அவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்காமல்தான் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கணக்கில் வீக் என்று உங்களை நீங்களே தாழ்த்திக்கொள்ள வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பலர் இடறுகிறார்கள். 1:210 பெரிய ஆபத்தா, 1:1500 பெரிய ஆபத்தா? 1500 பெரிய எண், அதனால் அதுதான் ஆபத்து என்று நினைப்பவர்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன். அது தலைகீழ். கால் பெரிதா, அரைக்கால் பெரிதா என்று கேட்டால் யாரும் தடுமாற மாட்டோம். நாலில் ஒன்று கால், எட்டில் ஒன்று அரைக்கால், பதினாறில் ஒன்று மாகாணி என்று நம் பழைய வாய்பாட்டில் இறங்கிக்கொண்டே போனால் 320-ல் ஒன்றுக்கு முந்திரி என்று பெயர். உங்கள் 1:210 முந்திரியைவிடக் கொஞ்சம் பெரிது. உங்கள் மாமியாரின் அப்பா காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதை மனப்பாடமாகச் சொன்னார்கள்.

இனி உங்கள் கணவரின் ஃபிஃப்டி ஃபிஃப்டி. இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது, ஆக இரண்டே வழி, ஆகவே பாதிக்குப் பாதி. கேட்க நியாயமாகத்தான் தெரியும். அவரைத் தாயக்கட்டை எடுத்து மாமியாரோடு உட்காரச் சொல்லுங்கள். தாயம் விழும், அல்லது விழாது. அங்கேயும் இரண்டே வழிதான். பாதி ஆட்டங்களில் தாயம் விழுகிறதா? ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3 என்று நாலு பக்கம். இரண்டு கட்டைகளையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். தாயம் என்பது ஒன்றில் 1, மற்றதில் 0. அது இரண்டே விதத்தில்தான் வரும். 16-ல் 2, அதாவது எட்டில் ஒன்று. இரண்டும் 0 விழுந்து பன்னிரண்டு வருவதோ 16-ல் ஒன்று. காய் இறங்காமல் உட்கார்ந்து அலுத்துப்போன யாருக்கும் இது கையில் தெரியும், வாயில் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். உங்கள் மாமியாருக்கு எண்களே ஆகாது என்று நான் நம்பவில்லை.

அடுத்து அந்த ‘நாலு மடங்கு’. லேபில் இருந்த பெண் பொய் சொல்லவில்லை. 31 வயதில் பிரசவிக்கும் பெண்களில் ஏறத்தாழ 800 பேரில் ஒருவருடைய குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் 210-ல் ஒன்று. ஆக, நாலு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் எதன் நாலு மடங்கு என்று அவர் சொல்லவில்லை. 1,000 பெண்களாக எடுத்துக்கொண்டால், ஒருவர் இருந்த இடத்தில் சுமார் ஐந்து பேர். வேறு மாதிரி சொன்னால், உங்கள் ரிப்போர்ட் உங்களை 37, 38 வயதுப் பெண்ணின் இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. அந்த வயதில் நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். எந்தக் கர்ப்பத்திலும், வயது எதுவானாலும், பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஏதாவது ஒரு பிறவிக் குறை இருக்கத்தான் செய்கிறது. அந்த எண்ணை யாரும் சிவப்பில் அச்சடித்துக் கொடுப்பதில்லை, அதனால் யாருக்கும் தூக்கம் கெடுவதுமில்லை.

மடங்குக் கணக்கு மட்டும் சொல்லி, மொத்தத்தை மறைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, உங்கள் நாத்தனார் சொன்னதோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு கதை உண்டு. 1995 அக்டோபரில் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது. அப்போது புழக்கத்தில் இருந்த புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள், ரத்தக் குழாயில் ரத்தம் கட்டி அடைக்கும் அபாயத்தை இரு மடங்காக்குகின்றன என்றது. டாக்டர்களுக்கெல்லாம் அவசரக் கடிதம் போனது, தொலைக்காட்சியில் வந்தது. பெண்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள். அந்த இரு மடங்கு எது தெரியுமா? பழைய மாத்திரையில் 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது, புதியதில் 7,000 பேரில் இருவருக்கு வந்தது. ஒருவர் கூடினார். மாத்திரையை நிறுத்தியதால் வேண்டாத கர்ப்பங்கள் பெருகின. அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் கூடுதலாக ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாகக் கணக்கிட்டார்கள். இதில் கொடுமை என்னவென்றால், ரத்தக்கட்டு வரும் அபாயம் அந்த மாத்திரையைவிடக் கர்ப்பத்தில்தான் அதிகம். ‘7,000-ல் இரண்டு’ என்று அந்த எச்சரிக்கையிலேயே எழுதியிருந்தால் எவ்வளவோ தவிர்ந்திருக்கும்.

ஆகவே நாத்தனாருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வாய்ப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்லும் ஸ்க்ரீனிங் டெஸ்ட் ஒன்றை வைத்து யாரும் அந்த முடிவை எடுக்கக் கூடாது. எந்த நல்ல டாக்டரும் எடுக்க விட மாட்டார்.

சரி, 210-ல் ஒன்றுதான் என்றால் ஏன் ‘ஹை ரிஸ்க்’ என்று போடுகிறார்கள்? ஏனென்றால் எங்கேயாவது ஒரு கோடு போட்டாக வேண்டும். நம் ஊர் லேப்கள் பெரும்பாலும் 1:250-ல் கோடு போடுகின்றன. அதனால் 1:249 வந்தவர் அழுகிறார், 1:251 வந்தவர் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இருவருக்கும் இடையில் ஒரு வித்தியாசமும் கிடையாது. வேறு நாடுகளில், 1:150-ல் கோடு போடும் இடத்தில் இதே ரத்தத்தைக் கொடுத்திருந்தால், உங்களுக்கு ‘லோ ரிஸ்க்’ என்று பச்சையில் வந்திருக்கும். 1:12 என்று வந்த பெண்ணும் ‘ஹை ரிஸ்க்’, நீங்களும் ‘ஹை ரிஸ்க்’. வார்த்தை ஒன்றுதான், நிலைமை அப்படியல்ல. எனக்கு இந்த வார்த்தை மேல் பல வருடக் கோபம். எண்ணை மட்டும் போட்டால் போதாதா?

இந்தச் சோதனை யாரையெல்லாம் பிடிக்கும் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுவோம். உங்கள் வயதில் 8,000 கர்ப்பிணிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800-ல் ஒன்று என்றால் பத்துக் குழந்தைகளுக்கு டவுன் சிண்ட்ரோம். ஸ்கேனையும் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் இந்தச் சோதனை, பத்தில் சுமார் ஒன்பதைக் கண்டுபிடிக்கும். மீதி 7,990 பேரிடம் அது நூற்றுக்கு ஐந்து பேரை வீணாகப் பயமுறுத்தும். அது ஏறத்தாழ 400 பேர். ஆக, ரிப்போர்ட் சிவப்பாக வருபவர்கள் 409 பேர், அதில் உண்மையில் பாதிப்பு உள்ளது ஒன்பது பேரின் குழந்தைக்கு. 45 பேரில் ஒருவர். இது 1:12 வந்தவர்களையும் சேர்த்த மொத்தச் சராசரி, உங்களுடையது 210-ல் ஒன்றுதான். ‘நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகப் பிடிக்கும் டெஸ்ட்’ என்று கேட்டதும், நமக்கு பாசிட்டிவ் வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு இருக்கிறது என்று மனம் தாவிவிடுகிறது. நோய் இருப்பவர்களில் எத்தனை பேருக்குப் பாசிட்டிவ் வரும் என்பது ஒரு கேள்வி. பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு நோய் இருக்கும் என்பது வேறு கேள்வி. தென்னை மரங்களுக்கெல்லாம் ஓலை உண்டு, ஓலை இருப்பதெல்லாம் தென்னை ஆகிவிடுமா?

அந்தப் பத்தில் விட்டுப்போன ஒருவர் ‘லோ ரிஸ்க்’ ரிப்போர்ட்டோடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பச்சை எழுத்தும் உத்தரவாதமல்ல.

இதில் நீங்கள் மட்டும் குழம்பவில்லை. ஜெர்மனியில் கெர்ட் கிகரென்சர் என்ற உளவியலாளர் 160 மகளிர் மருத்துவர்களிடம் இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டார். மார்பகப் புற்றுநோய்க்கான மேமோகிராம் பாசிட்டிவ் வந்த பெண்ணுக்கு உண்மையில் புற்றுநோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது கேள்வி. தேவையான எண்களெல்லாம் சதவீதத்தில் கொடுக்கப்பட்டிருந்தன. நாலு விடை, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே நூற்றுக்கு 25 பேர் சரியாகச் சொல்லியிருக்கலாம். சரியாகச் சொன்னவர்கள் 21 சதவீதம். அப்புறம் சதவீதத்தை, மேலே நாம் செய்தது போல ‘ஆயிரம் பெண்களில் இத்தனை பேர்’ என்று மாற்றிப் போடக் கற்றுக்கொடுத்தார். 87 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். 2007-ல் இந்த முடிவுகள் வெளியாயின. தலைகளை எண்ணத் தெரிந்த மூளை, சதவீதத்தைக் கண்டால் திணறுகிறது.

அடுத்த டெஸ்ட்டுக்குப் போவதற்கு முன்னால், உங்கள் ரிப்போர்ட்டின் மேல்பகுதியைப் பாருங்கள். பிறந்த தேதி, எடை, ஸ்கேன் தேதி, கருவின் அளவு, சர்க்கரை நோய் உண்டா, ஐ.வி.எஃப். முறைக் கர்ப்பமா என்றெல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும். இவற்றையெல்லாம் வைத்துத்தான் கணினி அந்த எண்ணைக் கணக்கிடுகிறது. தப்பாகக் கொடுத்தால் தப்பாகத்தான் வரும். ஒரு பெண் ‘ஹை ரிஸ்க்’ என்று என்னிடம் வந்தார். பிறந்த ஆண்டு 1994-க்குப் பதில் 1984 என்று லேபில் அடித்திருந்தார்கள். முப்பது வயதுக்காரியை நாற்பது ஆக்கிவிட்டார்கள். திருத்தி மறுபடி கணக்கிட்டதும் ரிஸ்க் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. நாலு நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அதை யார் திருப்பித் தருவது?

எல்லாம் சரியாக இருந்தால், டாக்டர் சொன்ன அந்த ‘99 சதவீத’ டெஸ்ட்டுக்கு வருவோம். அது என்.ஐ.பி.டி. ஆகத்தான் இருக்கும். தாயின் ரத்தத்தில் கலந்து ஓடும் கருவின் டி.என்.ஏ. துணுக்குகளைப் பார்க்கும் சோதனை. அப்படித் துணுக்குகள் இருக்கின்றன என்று ஹாங்காங்கைச் சேர்ந்த டென்னிஸ் லோ குழுவினர் 1997-ல் கண்டுபிடித்தார்கள். உங்கள் கையிலிருந்து ரத்தம் எடுப்பதோடு சரி, குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அந்த 99 என்பது, பாதிப்பு உள்ள 100 குழந்தைகளில் 99-ஐக் கண்டுபிடிக்கும் என்பது. பாதிப்பு இல்லாத ஆயிரம் பேரில் சுமார் ஒருவருக்கு அதுவும் தப்பாகப் பாசிட்டிவ் காட்டும்.

மறுபடி தலைகளை எண்ணுவோம். உங்களைப் போல 1:210 வந்த 2,100 பெண்கள் இந்த டெஸ்ட் எடுத்தால், பாதிப்பு உள்ள பத்தும் அநேகமாகப் பிடிபடும், தப்பாக இரண்டு பேருக்குப் பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் வந்த 12 பேரில் பத்துப் பேருக்கு உண்மை. இதே டெஸ்ட்டை இருபது வயதுப் பெண்கள் 15,000 பேர் எடுத்தால்? அந்த வயதில் 1,500-ல் ஒன்று. அங்கேயும் உண்மையான பாதிப்பு பத்துப் பேருக்குத்தான், ஆனால் தப்பான பாசிட்டிவ் 15. பாசிட்டிவ் வந்த 25 பேரில் பத்துப் பேருக்குத்தான் உண்மை. கருவி ஒன்று, ரசாயனம் ஒன்று, தாளில் அச்சடித்த ‘99’ ஒன்று. யாரிடம் செய்கிறோம் என்பது மாறியதும் பாசிட்டிவ் என்ற சொல்லின் எடையே மாறிவிட்டது. அதனால்தான் என்.ஐ.பி.டி. பாசிட்டிவ் வந்தாலும் அதோடு நிறுத்தக் கூடாது. பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கும் ஆம்னியோ சோதனைதான் உறுதி செய்யும். அது 15 வாரத்துக்கு மேல் செய்வது. ஊசி போடுவதால் கரு கலையும் அபாயம், அனுபவமுள்ளவர் செய்தால் 200-ல் ஒன்றுக்கும் குறைவு.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால் என் கருத்தைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது. என்.டி. 3.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்திருந்தாலோ, ஸ்கேனில் வேறு ஏதாவது தெரிந்திருந்தாலோ, நேராக ஆம்னியோவுக்கே போங்கள் என்றிருப்பேன். உங்கள் ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. அதனால் முதலில் என்.ஐ.பி.டி. போதும். நெகட்டிவ் வந்தால் 210-ல் ஒன்று என்பது பல ஆயிரத்தில் ஒன்றாக இறங்கிவிடும். ஒரு டெஸ்ட்டும் வேண்டாம், எப்படி இருந்தாலும் இது என் குழந்தை என்று நீங்கள் முடிவெடுத்தால், அதுவும் முழுக்க நியாயமான முடிவு. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள், வேலைக்கும் போகிறார்கள். அவர்களைப் பெற்றவர்களோடு ஒருமுறை பேச விரும்பினால் டாக்டரிடம் கேளுங்கள், ஏற்பாடு செய்வார்.

இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ரத்த ரிப்போர்ட்டில், நஞ்சுக்கொடி சுரக்கும் பாப்-ஏ என்ற புரதத்தின் அளவு எவ்வளவு? அது மிகவும் குறைவாக இருந்தால், டவுன் சிண்ட்ரோம் இல்லாவிட்டாலும், பின்னால் குழந்தையின் வளர்ச்சியை ஸ்கேனில் கூடுதலாகக் கவனிப்பார்கள்.

கடைசியில் கடன். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் உறுத்தியது. என் துறை இல்லைதான், ஆனால் கேள்வி அதேதான்: எவ்வளவில் எவ்வளவு? ஒரு லட்சம், மூன்று வருடம், 12 சதவீதம் ஃப்ளாட் என்றால் வட்டி 36,000. மாதம் சுமார் 3,778 ரூபாய் கட்டுவீர்கள். மாதாமாதம் அசலும் குறைகிறது, ஒன்றரை வருடத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். ஆனாலும் கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கும் வட்டி போட்டுக்கொண்டே இருப்பார்கள். கையில் மீதமிருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் இது ஏறத்தாழ 21 சதவீதம். உண்மையான 12 சதவீதமாக, குறையும் அசலுக்கு வட்டி போட்டால் மூன்று வருட வட்டி 19,600 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வங்கியில் நகைக்கடன் வட்டி எவ்வளவு, அது எந்த முறை என்று கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். முதலில் டெஸ்ட்டுக்கு எவ்வளவோ அதை மட்டும் புரட்டினால் போதாதா? பிரசவத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே.

என்.ஐ.பி.டி. ரிப்போர்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ரத்தம் கொடுக்கப் போகும்போது கணவரையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் ‘ரிஸ்க்’ என்ற வார்த்தையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று உங்களில் ஒருவராவது கேளுங்கள். அதுவரை முறத்தில் இருக்கும் புளியங்கொட்டைகளைக் கொட்டிவிடாதீர்கள். ராத்திரி பயம் வந்தால் விளக்கைப் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுங்கள், மறுபடி போடுங்கள், இன்னொன்றை எடுங்கள். வெள்ளை எத்தனை தடவை வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.